மத்யமாவதியில் ஒரு வேண்டாம்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய்விட்டது, பாட்டு போகவில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. "அ... அ..." என்று தவித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் கைப்பேசியில் ஒரு முருகன் பாட்டு ஒலித்ததும், கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல் சிதையவில்லை. மூளையில் பேச்சு இருக்கும் இடம் வேறு, பாட்டு இருக்கும் இடம் வேறு என்று டாக்டர் விளக்கினார். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்த பாட்டை விட்டுவைத்துவிட்டு, எனக்கு வேண்டிய பேச்சை எடுத்துக்கொண்டான் அந்தக் கடவுள்.

அவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கோயில் பஜனை. சின்ன வயதில் கோல சிலாங்கூர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த கோயிலில் ஏறிய பைத்தியம் அது. பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து மங்களத்தில் முடிப்பார்கள். மங்களம் எப்போதும் மத்யமாவதி ராகம்தான். முன்னால் பாடியதில் குற்றங்குறை இருந்தாலும் அந்த ராகம் சரிசெய்துவிடும் என்று எனக்கு விளக்குவார். அப்படியென்றால் முதலிலேயே அதைப் பாடிவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வரலாமே என்பேன். "ஒனக்குப் போய் சொன்னேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார். மங்களம் பாடிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுந்து கற்பூரத்தைத் தொட்டுக்கொண்டு சுண்டலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ராகம் என்றாலே சுண்டல் வாசனைதான்.

புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்த பிறகு பார்க்க வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை. வந்தவர்களெல்லாம் பாடச் சொன்னார்கள். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து இறாலோடு வந்த நாத்தனார், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கைப்பேசியில் பிடித்துக்கொண்டே அவரை விடாமல் பாட வைத்தாள். அவர் முகம் வெளிறிப்போனது. நான் தடுக்க வாயெடுப்பதற்குள் அவரே மங்களத்தைப் பாடிவிட்டார். பார்க்க வந்திருந்த பஜனை ஆள்கள் எல்லாரும் பழக்க தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்து நின்றார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்தபடி செருப்பைத் தேடினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கோணிய வாயோடு சிரித்தார்.

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. சோறு போதுமென்றால் மங்களம். டிவி போதுமென்றால் மங்களம். என் தொணதொணப்புக்கும் மங்களம்தான். மற்ற பாட்டெல்லாம் வெறும் பாட்டு. தண்ணீர் வேண்டும், முதுகு வலிக்கிறது என்று சொல்ல எந்தப் பாட்டும் உதவவில்லை. ஒரு 'போதும்' கிடைத்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் கிட்னி கெட்டது. பழைய சர்க்கரைதான் காரணம். டயாலிசிசுக்கு வேன் வந்து ரவாங்குக்குக் கூட்டிப்போகும். போகும்போது மனிதராகப் போவார், பிழிந்த துணியாகத் திரும்புவார். கால் இழுத்துப் பிடிக்கும், குளிர் நடுக்கும், குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். ஒரு காலையில் சட்டை மாட்டும்போது மங்களம் பாடினார். சட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு எடுத்து வந்தேன். அதற்கும் பாடினார். வாசலில் வேன் வந்து நின்றதும், அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி பாடினார்.

எங்கள் மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான், ரவாங்கில் ரயிலேறிப் போய் வருகிறான். அவனிடம் சொன்னேன். "அப்பாவுக்கு வாயில வர்றது அந்தப் பாட்டுதான்மா. அதுக்குப் போய் அர்த்தம் எடுக்காதீங்க" என்றான். அவன் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்று நானும் விரும்பினேன். மனசு கேட்காமல் டாக்டரிடமும் கேட்டேன். தமிழ்ப் பெண், தங்கமான பிள்ளை. அவர் பக்கத்தில் குனிந்து, டயாலிசிஸ் தொடரலாமா என்று கேட்டாள். தலையாட்டினார். நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். பஜனை வழக்கத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவரு வேணாம்னு முடிவெடுத்தா நாங்க மதிக்கணும், ஆன்ட்டி. ஆனா ஒரு பாட்ட வச்சு நான் எப்பிடிலா முடிவு பண்றது?"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மங்களம் முடிந்த கையோடு பிள்ளையார் பாட்டை எடுத்தேன். எனக்குக் குரலும் கிடையாது, சுருதியும் கிடையாது. நீ கையைத் தட்டினாலே போதும் என்று அவர் கேலி செய்தவள் நான். ஆனாலும் யாராவது பாட்டெடுத்தால் கூடப் பாடாமல் அவரால் இருக்க முடியாது. என் அபஸ்வரத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்ந்து பாடுவார். அந்த நேரத்தில் பொத்தானைப் போட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். வேன் ஓட்டும் தம்பி, "அங்கிள் சூப்பரா பாடுறாரு, அக்கா" என்பான். வேன் போனதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேசாவிட்டால் போகிறது, வலிக்கிற உடம்போடாவது என் வீட்டில் இருக்க வேண்டும்.

போன வாரமும் அப்படித்தான் மங்களம் பாடினார். நான் பிள்ளையார் பாட்டை எடுத்தேன். அவர் நல்ல கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினார். அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார். மருந்து வாடை அடித்தது. அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மங்களத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவசரமில்லாமல், கோயிலில் பாடுவதுபோல, கடைசி அடிவரை. சுண்டலுக்கு முந்திக்கொண்டு ஓடியவள், அதை முழுசாகக் கேட்டது அன்றுதான்.

பாட்டு முடிந்து அவர் கையை எடுத்ததும், "நீங்க இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். "அ..." என்றார். மறுபடியும் "அ..." என்றார். எத்தனையோ பாட்டுத் தெரிந்த மனிதருக்கு, அதற்கு ஒரு பாட்டு கிடைக்கவில்லை.

வெளியே வேன்காரத் தம்பி ஹாரன் அடித்தான். சட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அவருக்கு மாட்டிவிடவும் மனசு வரவில்லை, மடித்து வைக்கவும் மனசு வரவில்லை. அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே சட்டைக் கைக்குள் கையை நீட்டினார்.