பரமசிவம் அண்ணன் எனக்காக விட்டுவைத்த வரி

வெலிமடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி பரமசிவம் அண்ணனின் மகள் போனில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். மற்ற மூட்டைகளையும் இறக்கிவிட்டுத்தான் பதுளைக்குத் திரும்பினேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

பரமசிவம் அண்ணன் பதுளையில் இரும்புக்கடை நடத்தியவர். இருபது வருடங்கள் நான் அவரிடம் வேலை பார்த்தேன். தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்ளும் மனிதருக்கு இரண்டாம் உலகப் போர் என்றால் உயிர். பெயின்ட் டின்களுக்கு மேலே பர்மா வரைபடம் தொங்கும். ஆணி வாங்க வந்தவர்களை ரஷ்யப் பனியில் அரைமணி நேரம் நிறுத்திவைப்பார். உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"எவனோ எங்கயோ அடிச்சுக்கிட்டான், நமக்கென்னண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தச் சண்டையில ஒரு பாலத்த விட்டுட்டு ஓடினாக்கூட, யாரு சொன்னா, எத்தன மணிக்குச் சொன்னா, ஏன் சொன்னான்னு எழுதி வச்சிருக்கான் தம்பி. நம்ம ஆளுகள இந்தியாவுல இருந்து தோட்டத்துக்குக் கப்பல்ல ஏத்துனதும் அங்கயே திருப்பி அனுப்புனதும் யாரு, என்னைக்குன்னு உங்க வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

நான் ஆணியை நிறுக்கப் போய்விட்டேன்.

பிறகு, ஒரு மழைக்காலக் காலையில், லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலை சரிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையே மண்ணுக்குள் போனது. அக்காவும் போய்விட்டாள். நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் அரிசியோடு ஒரு கொப்பியும் கொண்டுவந்தார். யார் எங்கே நின்றார்கள், வெளியேறச் சொன்னது யார், எத்தனை மணிக்கு என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"அக்கா வெளிய வந்துட்டாங்கன்னு சொல்றாங்களே தம்பி. திரும்ப ஏன் உள்ள போனாங்க?"

"இது ஒங்க உலகப் போர் இல்லண்ணே. செத்தது எங்கக்கா" என்று கத்தினேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "குத்தம் பாக்க இல்ல தம்பி. எழுதாட்டி, மலை வந்துச்சு, சனம் போச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க" என்று மட்டும் சொன்னார். மறுபடி ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாவு வீட்டில் மகள் அந்தக் கொப்பியைக் காட்டினாள். எல்லோருக்கும் நேரம் இருந்தது, காரணம் இருந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு வரி வெறுமையாக இருந்தது.

போய் வாருங்கள், அண்ணே. அந்த வரியை நேற்று நான் எழுதிவிட்டேன். காலை ஏழேகாலுக்கு அக்கா வெளியே வந்துவிட்டாள். அவள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் உள்ளே இருந்தது. அது இல்லாமல் நாளைக்கு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்று பயந்து, "ஓடிப்போய் எடுத்துட்டு வாக்கா" என்று சொன்னது நான்.