மான் மேல் தைத்த பை

தங்கையனுக்குப் பகலிலேயே கனவு வரும். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் போதும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். "பாதி இங்க, பாதி எங்கயோ" என்று மனைவி கண்ணாத்தாள் அலுத்துக்கொள்வாள். ஆனால் சட்டை விஷயத்தில் மனுஷன் முழுசாக இங்கேதான் இருப்பார். இடப்பக்கம் பை இல்லாத சட்டையை அவர் போட்டதே கிடையாது. அந்தப் பையில் ஒரு பேனாவும் இருக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா பக்கிரி, பண்ணை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு நின்றவர். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு, பை வைத்த சட்டை போட்டுவிட்டு, "இதுல பேனா நிக்கணும்டா" என்றார். படிப்பு எட்டாவதைத் தாண்டவில்லை. பேனா மட்டும் பையை விட்டு இறங்கவே இல்லை. குத்தகைக்கு உழுது, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, மகள் எழில்மொழியைச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியதெல்லாம் அந்தப் பேனாவோடுதான்.

அந்த எழில்மொழிதான் ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள். மறுநாள் அவரும் கண்ணாத்தாளும் அவளுக்காகத் தஞ்சாவூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். சட்டை வெளிர்நீலம். இடப்பக்க நெஞ்சில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, கம்பெனி முத்திரையாக ஒரு மான் துள்ளிக்கொண்டிருந்தது.

"இந்த மானுக்குத்தான்ப்பா விலையே. அவங்க எல்லாம் வசதியானவங்க. உள்ள நுழையும்போதே நெஞ்சைத்தான் பார்ப்பாங்க."

தங்கையனும் நெஞ்சைத்தான் பார்த்தார். பையைக் காணோம். உடம்பே கூசிப்போனது. ஆசையாக வாங்கி வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் டைலர் மீரா சாகிப்பிடம் போனார்.

"பை வச்சா மான் உள்ள போயிடுமேண்ணே?"

"போகட்டும் பாய். வெயில் படாம மேயட்டும்."

மீரா சாகிப் சிரித்துக்கொண்டே சட்டையின் கீழோரத்தில் துணி வெட்டி, மான் மேலேயே பை தைத்துக் கொடுத்தார். அட மனுஷா, வலப்பக்கம் காலியாகத்தானே கிடந்தது! கேட்டால், வலப்பக்கம் பை வைத்த சட்டையை ஊரில் எவன் போட்டிருக்கிறான் என்பார் தங்கையன்.

காலையில் கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழில்மொழி பார்த்தாள். முகம் விழுந்துபோனது.

"மான் எங்கப்பா?"

"உள்ளேதாம்மா இருக்கு."

கோபத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது அவளுக்கு. "உங்கள யாரும் மட்டமா நினைச்சிடக் கூடாதுன்னுதானப்பா வாங்கினேன்."

"ராகு காலம் வந்துடும், ஏறுங்க" என்று கண்ணாத்தாள் அவசரப்படுத்தினாள். மகளை அழவைத்துவிட்டோமே என்ற வேதனையோடு தங்கையன் ஏறினார்.

ஒரத்தநாடு தாண்டியதும், நடவு முடிந்த வயல்கள் ஜன்னலில் பச்சையாக ஓடின. கண் சொக்கியது. பைக்குள்ளிருந்து மான் மெல்ல இறங்கியது. ஒரு நாற்றுகூட மிதிபடாமல் வரப்புக்கு வரப்பு தாவி, காருக்குப் பக்கத்திலேயே வந்தது. பண்ணை வாசல்களை எல்லாம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரு கெட்டுடுமோ, எம்புள்ள கல்யாணம் நின்னுடுமோ என்று அதனிடம் கேட்டார். அது காதை ஆட்டிவிட்டு அடுத்த வரப்புக்குத் தாவியது.

தஞ்சாவூரில் மாப்பிள்ளையின் அப்பா மதிவாணன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி கடைமடை வரைக்கும் வருதுங்களா?" என்று ஆரம்பித்தவர், தன் தாத்தா உழுத நிலத்தில் போய் நின்றார். தங்கையனும் பேச்சில் கரைந்துபோனார். சட்டை என்ற ஒன்று உடம்பில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

வெயில் தாழ வீடு திரும்பியபோது எழில்மொழி வாசலிலேயே நின்றாள். அவள் கண் நேராகச் சட்டைக்குத்தான் போனது.

"என்னப்பா சொன்னாங்க?"

"புடிச்சுப்போச்சும்மா. நாள் பார்க்கச் சொல்லிட்டாங்க."

"சட்டைய..."

"அங்க எல்லாரும் மூஞ்சியத்தாம்மா பார்த்தாங்க" என்றார் தங்கையன், கொஞ்சமும் கோபமில்லாமல். "நெஞ்சைப் பார்த்தது நீ ஒருத்திதான்."

எழில்மொழி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் தாடையில், காலையில் சவரம் செய்தபோது பட்ட வெட்டு, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.