சவுக்கு ஏகாம்பரம் பேசுறேன்

சவுக்கு வியாபாரத்தில் மரத்தை விட வாய்தான் முக்கியம். தோப்பை நிற்கிறபடியே பார்த்து விலை பேசுவது வாய், வெட்டுக்கு ஆள் கூப்பிடுவது வாய், லோடு வராமல் கொதிக்கிற மேஸ்திரியை ஆற்றுவதும் அதே வாய்தான்.

எங்கள் அப்பா ஏகாம்பரத்துக்கு திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. அதில் சவுக்கும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி அவர். மற்றவர் தோப்புகளை வாங்கி வெட்டி, கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் கழி விற்கிற வியாபாரியும் அவர்தான். வியாபாரி அப்பாவுக்குப் பிறந்து, சோறு தின்கிற நேரத்தில்கூட அவர் போன் பேச்சையே கேட்டு வளர்ந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிரியாணி

எனக்கு எல்லார் குரலும் வரும். ஐந்தாம் நம்பர் பஸ் கண்டக்டர், தும்மலை அடக்கிக்கொண்டே பிரேயரில் பேசும் எங்கள் ஹெட்மாஸ்டர், கடனுக்கு மீன் கேட்டால் மட்டும் காது கேட்காத மீன்கார அக்கா, யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்பா குரல் எல்லாவற்றையும் விடச் சுத்தமாக வரும். அதிகம் திட்டு வாங்கிய குரல் அல்லவா.

போன வருஷம் ஒரு நாள் அந்தக் குரலில் பிரியாணிக் கடைக்கு போன் போட்டு, வெட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி அனுப்பச் சொல்லிவிட்டேன். தோப்புக்குள் பொட்டலம் வந்து இறங்கியதும், யார் வேலை என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பனைமட்டையை எடுத்துக்கொண்டு வந்தவர், ஆட்கள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து அதைக் கீழே போட்டார். "ஏன்டா, அப்பன் கொரல்ல சொன்னியே, அப்பனுக்கு ஒரு பொட்டலம் சொன்னியா?"

வாய் நல்லா கீது

அதற்கப்புறம் அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. பீடிதான், சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து அம்மாவிடம் ஒன்று சொன்னார். அம்மா படித்துச் சொன்னாள்: குரல் போனது வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பேச முடியாத வியாபாரியிடம் எவன் தோப்பைக் கொடுப்பான்? முதுகு ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் அவருடைய போனைத் தூக்கி என் மடியில் போட்டார்.

முதலில் வந்தது சதுரங்கப்பட்டினம் மேஸ்திரி. எடுத்து, "சவுக்கு ஏகாம்பரம் பேசுறேன்" என்றேன். பிறகு தானாக வந்தது. லோடு ஏன் லேட்டு என்று அவர் கத்த, நான் அதைவிடக் கத்த, அவர் சிரிக்க, அப்பா கட்டிலில் உட்கார்ந்து அதன் சட்டத்தில் விரலால் தாளம் போடுகிற மாதிரி கட்டளைகள் கொடுத்தார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் முடியாது. வைக்கும்போது மேஸ்திரி சொன்னார்: "ஒடம்பு சரியில்லன்னானுங்க, நான் பயந்தே பூட்டேன் அண்ணாத்த. உனக்கு இன்னா, வாய் நல்லாத்தான் கீது."

ரீல்ஸ்

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டின் மேனேஜர், குடிசை மாதிரி ஏதோ கட்ட நேர்க்கழி கேட்டார். எத்தனை வருஷமாக சார் இந்தத் தொழில் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அப்பா குரலில் முழு வம்சத்தையும் சொன்னேன். ஒன்றும் முளைக்காது என்று ஊர் சிரித்த மணலில் தாத்தா சவுக்கு நட்டதை, ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்ததை, முதல் வண்டிக் கழியை ஓட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனதை. ஒரு மரம் வெட்டினால் அந்த இடத்தில் மறுபடியும் கன்று வைக்காமல் சாப்பிட உட்காரமாட்டார் என்பதை. பிறகு நிலம் அப்பாவுக்கும் தணிகா சித்தப்பாவுக்கும் பிரிந்தது. சித்தப்பா தன் பாதியை ஒரு வார்த்தை கேட்காமல் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய், கம்பெனி ஆட்களை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இன்று அந்தப் பாதியில் ஒரு நுழைவு வளைவும் நம்பர் போட்ட கற்களும்தான் நிற்கின்றன. மேனேஜரிடம் இந்தத் தம்பி விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்தப் பெயர் வருகிற இடத்தில் அப்பா இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

பேசி முடித்துத் திரும்பினால் அப்பாவின் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா, சத்தம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் மேனேஜர் இன்னும் இருந்தார். "சார், உங்க வாய்ஸ் வேற லெவல். நீங்க ரீல்ஸ் போடணும் சார்."

சாவு வீடு

சாவுப் பந்தலுக்குக் கழி கேட்டால் அப்பா விலை பேசமாட்டார், வாடகையும் கேட்கமாட்டார். அது தாத்தா காலத்து வழக்கம். பக்கத்து ஊர் அக்கா ஒருவர் கூப்பிட்டார். வீட்டுக்காரர் விடியற்காலையில் போய்விட்டாராம். கழி வண்டி கிளம்பும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் போனை வைக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

என்ன சொல்வது? அப்பாவின் திட்டு எனக்குத் தெரியும், பேரம் தெரியும், கனைப்பு தெரியும். அவர் ஆறுதல் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரைப் பார்த்தேன். கட்டிலை அவர் தட்டவில்லை. உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினார், சும்மா இரு என்பதுபோல. சும்மா இருந்தேன், அந்த அழுகை ஓய்கிற வரைக்கும். கடைசியில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் பேசிகினே கீறாங்கண்ணா. நீ ஒருத்தன்தான் பேசாம கேட்ட."

தண்ணி

இது வாடிக்கையாளர் விஷயம் இல்லை. ஒரு மத்தியானம், பழைய குறும்பு அரிக்க, வாசலில் நின்றுகொண்டு அப்பா குரலில், "ஏ சரசா, தண்ணி கொண்டா" என்றேன். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம். அம்மா சொம்போடு ஓடி வந்தாள், என்னைத் தாண்டி நேரே கட்டிலுக்கு. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வாய் மூடியிருந்தது.

அடிப்பாள் என்று நினைத்தேன். சொம்பைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "போன்ல எவ்ளோ வேணா பேசிக்கோ. வூட்டுக்குள்ள மட்டும் அந்தக் கொரலு வேணாம்டா."

தணிகா

போன வாரம் போனில் அந்தப் பெயர் வந்தது. இத்தனை வருஷமும் அப்பா அதை அழிக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குரல் போனது யாருக்குத் தெரிந்தாலும் அவனுக்குத் தெரியக் கூடாது என்று தம்பியைத்தான் அவர் முதலில் சொல்லியிருந்தார். பெல் நிற்கப்போகிற நேரத்தில் ஒரு தட்டு தட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்ததாக மேஸ்திரி சொன்னாராம், என்ன உடம்புக்கு என்று சித்தப்பா கேட்டார். முதுகுவலிடா, இப்போது பரவாயில்லை என்றேன். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் கொட்ட ஆரம்பித்துவிட்டார். பெண் கல்யாணத்துக்காக அவசரத்தில் விற்றதை, அண்ணன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஊர் எல்லையில் வேனைத் திருப்பிக்கொண்டு போன நாட்களை, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். பிறகு கேட்டார்: "உன்ன கேக்காம வித்தது தப்புதாண்ணா. உன் வாயால நாலு வார்த்த திட்டுடு. எனக்கு அது போதும்."

திட்டா? அதில் நான் கெட்டிக்காரன். அப்பாவின் அத்தனை வசவும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. தட்டுக்காக அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். துண்டை அவிழ்த்தார். போனைக் கழுத்துத் துளைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார். வந்தது காற்று மட்டும். உஸ்ஸ் என்று ஒன்று, சளி கரகரக்க இன்னொன்று. மறுபடி மறுபடி அதையே சொன்னார். அவர் உதட்டைப் படித்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தணிகா, தணிகா, வாடா என்கிறார் என்று அப்புறம்தான் எனக்குச் சொன்னாள்.

அதுவரை பேசினது யார், இது என்ன சத்தம் என்று சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு கதவு அடைபடும் சத்தம், வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல்: "போதும்ணா, கஷ்டப்படாத. கேட்டுச்சி. வந்துகினே கீறேன்."

ஊரில் உள்ள அத்தனை குரலும் எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொண்டு திரிகிற என்னால், அப்பாவின் அந்த ஒரு மூச்சை மட்டும் இன்னும் சரியாகச் செய்துகாட்ட முடியவில்லை.