மறுநாள் வரவேண்டிய தந்தி

யுத்தம் முடிந்த மறு வருஷம். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம்; கடைசி வீடு எங்களுடையது. என் கணவர் மிலிட்டரி ஆபீசில் டைப்பிஸ்ட். ஏதோ அவசரக் காகிதங்களோடு டில்லிக்கு விமானத்தில் கிளம்பிய அவருடைய வெள்ளைக்காரத் துரை, இவரையும் கூட வரச் சொல்லிவிட்டார். எங்கள் காம்பவுண்டிலிருந்து ஆகாயத்தில் போன முதல் ஆள் இவர்தான்.

எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

“காலையில ஏறினா சாயங்காலத்துக்குள்ள டில்லி. எறங்கின உடனே தந்தி அடிக்கிறேன், போதுமா?” என்றார்.

நான் நம்பவில்லை. என் பயத்தைக் குறைக்க எதையும் பாதியாக்கிச் சொல்வது அவர் வழக்கம். பல் பிடுங்கப் போனபோதுகூட, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றவர். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும், நானே ஒரு கணக்குப் போட்டேன். மெட்ராஸ் போய் வண்டி மாறி ரயிலில் டில்லி சேர மூன்று நாள். விமானம் மூன்று மடங்கு வேகம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு முழு நாள் ஆகும். அப்படியானால் மறுநாள் காலையில்தான் சேருவார், அதற்குப் பிறகுதான் தந்தி. பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதை அடித்துச் சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் கிளம்பிப் போனார். அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அடுப்பில் உலை கொதிக்கிறது. கேட்டருகே சைக்கிள் மணி. தந்திக்காரர்!

அந்த நாளில் எங்களுக்கெல்லாம் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். அவரோ இன்னும் பாதி வழியில் இருக்க வேண்டிய நேரம். பிறகு இதை அனுப்பியது யார்? அதை வாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“நாளைக்குன்னு சொன்னியேடி, இன்னைக்கே வந்துடுச்சே!” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்த அக்கா, நேராக உள்ளே போனார். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதல்லவா? ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றிவிட்டார். மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தந்திக்காரர் பாவம், கவரும் பென்சிலுமாக நின்றார். வேறொருவராயிருந்தால் யார் கையிலாவது திணித்துவிட்டுப் போயிருப்பார்.

“ஸ்வல்ப, கொஞ்சம் இருங்கம்மா. அழுகை எங்கயும் ஓடிப் போயிடாது. மொதல்ல ஒரு கையெழுத்து போடுங்க, நானே படிச்சுச் சொல்றேன்.”

கோணலும் மாணலுமாகப் போட்டேன். கவரைக் கிழித்துப் பார்த்தார்.

“சௌக்கியமா டில்லி சேந்துட்டாராம், அம்மா. நாலு மணிக்கே அடிச்சிருக்காரு.” பிறகு உள்ளிருந்து வந்த புகையைப் பார்த்து, “யாரு அது, அடுப்புல தண்ணி ஊத்தினது?” என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இவ கணக்க நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். எழுந்து வாடி, இன்னைக்கு எங்க வீட்டுல சாப்பாடு.”

மேகத்துக்கு மேலே பறந்த கதையைச் சொல்ல ஆசையாகத் திரும்பி வந்தவரை யாரும் வாய் திறக்க விடவில்லை. காம்பவுண்டே அடுப்புக் கதையைச் சொல்லிச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. யார் எந்த ஊருக்குக் கிளம்பி, ‘இத்தனை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன்’ என்றாலும் இப்போதெல்லாம் ‘சரி’ என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தையை அவர் ஊருக்குக் கிளம்பிய ஒரு நாளிலாவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.