சென்சி அசையாமல் நின்ற பத்து நிமிடம்

எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் சென்சி இருபத்தாறு வருடமாகப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறாள். நானும் அவள் இருக்கும் சறுக்குப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். அவள் பேசினால் வாய் மட்டும் பேசாது. தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் சேர்ந்து பேசும். பூட்ஸ் கடித்தால் பொறுத்துக்கொள்வதுதான் வீரம் என்பது அவள் கட்சி. பூட்ஸின் உள்ளுறையைச் சூடாக்கிக் காலின் அளவுக்குப் படியவைத்துக்கொண்ட எங்களைப் பார்த்து, "என்ன, கால வேக வச்சு எடுத்தாச்சா?" என்பாள்.

போன ஜனவரியில் அவள் கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றது. சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை ஓட்டும் அவள் கணவன் காசியன், அவளை ஹூபர்ட்டின் பூட்ஸ் கடைக்கு இழுத்து வந்தான். நான் அங்கே கையுறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹூபர்ட் உள்ளுறைகளை அடுப்பில் வைத்தான். விரல்களுக்கு இடம் கிடைக்க நுனியில் பஞ்சுத் தொப்பி மாட்டி, மேலே மெல்லிய காலுறை போடச் சொன்னான். சூடு ஏறியதும் பூட்ஸுக்குள் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளிக் கொக்கிகளை மாட்டினான்.

"பத்து நிமிஷம் அசையக் கூடாது. எப்படி நிக்கிறியோ அப்படியே படிஞ்சிடும்."

"நான் என்ன கொழந்தையா?" என்று கேட்டபடியே சென்சி அவன் பக்கம் திரும்பினாள். குதிகால் தூக்கிக்கொண்டது.

ஹூபர்ட் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி சூடாக்கினான். "இந்தத் தடவ வாயத் தொறக்காத. நீ பேசுனா கால் தானா ஆடும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். காசியன் தொண்டையைச் செருமினான்.

"சென்சி, இத விட்டா எனக்கு வேற நேரம் கெடைக்காது. எனக்குப் பனிச்சறுக்கே பிடிக்காது. ஞாயித்துக்கெழம உன் பின்னாடி வர்றப்பெல்லாம் பயந்து செத்துக்கிட்டுதான் வர்றேன்."

அவள் கழுத்து சிவந்தது. கால் அசையவில்லை.

"பனியில மெதுவா நடக்கத்தான் எனக்குப் பிடிக்கும். ஹூபர்ட், இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"அப்ப இதையும் சொல்லிடறேன். நீ சூப்புல போடற ஈரல் உருண்டையில எப்பவும் உப்பு ஜாஸ்தி."

நான் ஒரு கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நேரம் முடிந்தது. சென்சி நான்கு அடி நடந்து பார்த்தாள். விரல்கள் தாராளமாக அசைந்தன, குதிகால் கச்சிதமாக நின்றது. ஆனால் அவள் பார்வை கணவன்மேல்தான் இருந்தது.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"நீ எங்க நின்ன, சொல்றதுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காசியன் காட்டுப் பாதையில் நடந்தே மலைக் குடிலுக்கு வந்தான். சென்சி அதற்குள் நான்கு முறை சறுக்கி இறங்கி, மேசையில் சூப்போடு காத்திருந்தாள்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல. வழியில என்ன பாத்த, சொல்லு," என்றாள்.

அவன் மான் தடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவள் இரண்டே முறைதான் குறுக்கிட்டாள்.