பெண் ஊழியர்களுக்கான கதிரை

பாண்டிருப்பைச் சேர்ந்த சிவக்கொழுந்து என்பவர், கல்முனைக் கடைத்தெருவில் மர்சூக் ஹாஜியாரின் புடவைக்கடையில் ஏழு வருடம் நின்றார். வேலை பார்த்தார் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது உண்மையை எழுத வேண்டும் என்பதால் நின்றார் என்றே இங்கே எழுதப்படுகிறது. காலை எட்டரைக்குக் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்குவார். மாலையில் கடைசிச் சேலையை மடித்து அலுமாரியில் வைத்த பிறகு, பாண்டிருப்புக்கு நடந்து போவதைத்தான் அவர் இளைப்பாறுதலாகக் கருதினார். நடக்கும்போது ஒரு காலாவது சும்மா இருக்கிறதல்லவா?

அவர் அந்தக் கடைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போன அவருடைய புருசன் திரும்பி வரவில்லை. போத்தலும் வரவில்லை. ஆறு வயது மகள் கஜனியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த சில மாதங்கள் அவர் வேலை கேட்டு ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கில்லை. சொந்தச் சனமே கதவை அரைவாசிதான் திறந்தது. "அவன்ட பொண்டாட்டிய வேலைக்கு வெச்சா, மறுகா ஆமிக்காரனுகள் எங்களயும் எல்லோ விசாரிப்பானுகள்" என்றது. அந்த நிலையில்தான் ஹாஜியார் அவரைக் கூப்பிட்டார். கடைக்கு வந்து இறங்கும் துணிக்கட்டுகளை முன்னொரு காலத்தில் சுமந்தவன் அந்தப் புருசன்.

"அழாத புள்ள. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வா. நீ என்ட மகள் மாதிரி" என்றார் ஹாஜியார்.

சிவக்கொழுந்துக்குக் கிடைத்த நியமனக் கடிதம் இதுதான். வேலைக்குச் சேர்பவருக்குப் பதவி என்ன, நேரம் என்ன, லீவு என்ன என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது நாட்டின் சட்டம். ஹாஜியாரின் வாக்கியத்தை நிதானமாக ஆராய்ந்தால் அதில் எல்லாமே அடங்கியிருப்பதைக் காணலாம். பதவி, மகள். மகளுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. மகள் லீவு கேட்பதில்லை. மகளின் பெயரை எந்த வாப்பாவும் ஊழியர் பதிவேடாகிய இடாப்பில் பதிவதில்லை. ஹாஜியாருக்குப் பெற்ற மகள்மார் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கடையில் ஒரு நாளும் நின்றதில்லை. அது வேறு பிரிவின் கீழ் வருகிறது.

ஹாஜியாரைப் பொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையிலுள்ள கஷ்டம். பெருநாளுக்குக் கஜனிக்குச் சட்டைத் துணி கொடுப்பார், பள்ளிக்கூடம் தொடங்கினால் கொப்பி கொடுப்பார். ஊர் குழம்பிக் கடைகள் பூட்டிக் கிடந்த ஒரு நாளில் தானே சைக்கிள் மிதித்து வந்து, "புள்ள, மூணு நாளைக்கு இஞ்சால வராத" என்று சொல்லிவிட்டுப் போனவர். பொல்லாத முதலாளியிடம் குந்தி இளைப்பாற ஒரு கதிரை கேட்பது சுலபம். நல்ல முதலாளியிடம் எந்த வாயால் கேட்பது?

தொண்ணூற்று நான்கில் தொழில் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் கோப்பு. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்கள் வேலை செய்யும் கடையில் அவர்கள் இருப்பதற்கு ஆசனம் வைக்க வேண்டும், அது சட்டம் என்றார். ஹாஜியார் திகைத்துப் போனார். தனக்கு ஓர் ஆசனம் இருக்கிறது, வாடிக்கையாளர் குந்த நீள வாங்குகள் இருக்கின்றன, இவர்களுக்குமா என்பதல்ல அவருடைய திகைப்பு. இவ்வளவு காலமும் யாரும் கேட்கவில்லையே என்பதுதான்.

சட்டத்தை மதிப்பவர் என்பதால் அடுத்த நாளே கதிரை வந்துவிட்டது. தேக்கு மரம், பிரம்புப் பின்னல், வார்னிஷ் மணம். கடைப்பலகை எழுதும் பெயின்டரைக் கூப்பிட்டு, முதுகுச் சாய்வில் 'பெண் ஊழியர்களுக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதுவித்தார். பிரம்பு அழுக்காகாதிருக்கப் பொலித்தீன் உறையும் போட்டார். அன்றைக்குச் சிவக்கொழுந்து இரண்டு தரம் அந்தக் கதிரையைத் துடைத்தார். குந்தவில்லை. புதுச் சாமானில் முதல் நாளே குந்துவது மரியாதையா?

இரண்டாம் நாள் ஒரு மாப்பிள்ளை வீட்டு உம்மா அதில் குந்தினார். மூன்றாம் நாள் ஹாஜியாரின் மச்சான். நான்காம் நாள் கொழும்பிலிருந்து பொம்மை வந்தது.

சேலை உடுத்திக் காட்டுவதற்கான பொம்மை அது. தலையுள்ள உருவத்தைக் கடையில் வைப்பது மார்க்கத்துக்குச் சரிவராது என்று ஹாஜியார் தலையில்லாததாகப் பார்த்து வாங்கியிருந்தார். விலை குறைவு என்று இடுப்புக்குக் கீழேயும் இல்லாததாக வாங்கியிருந்தார். கால் இல்லாதது நிற்குமா? அதைக் கொண்டுபோய்க் கதிரையில் வைத்து, ஒரு மணிப்புரிச் சேலையைச் சுற்றினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

துணி வெட்டும் ஸலாஹுதீன் அதை அக்காவாக்கி, 'கொழும்பு ராத்தா' என்று பெயர் வைத்தான்.

"பார்த்தீங்களா அக்கா, தலையும் இல்ல, காலும் இல்ல. இந்தக் கடையில கதிர கெடைக்கிறத்துக்கு ரெண்டும் இல்லாம இரிக்கணும்."

"சும்மா இரு தம்பி, முதலாளிக்குக் கேட்கப் போகுது."

"கேட்டா என்ன, ராத்தாக்கிட்ட எழும்புன்னு சொல்லப்போறாரா?"

சிவக்கொழுந்து சிரித்தார். சிரிக்கும்போது பாரத்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றினார். இடக்காலில்தான் நரம்பு புடைத்து, கெண்டைக்காலில் நாக்கிளிப் புழுப்போலச் சுருண்டு கிடந்தது.

தொண்ணூற்றாறில் கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, "என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டார். "நிக்கிற வேல ஐயா" என்றார் சிவக்கொழுந்து. டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் காலை உயர்த்திக் குந்தியிருக்க வேண்டும், இதை முதலாளியிடம் கொடுங்கள், கொடுக்காவிட்டால் கால் உங்களை விட்டுவிடும் என்றார்.

அந்தத் துண்டு சிவக்கொழுந்தின் பேர்சுக்குள், புருசனின் படத்துக்குப் பின்னால், இரண்டு வருடம் பத்திரமாக இருந்தது.

"அம்மா, அந்தத் துண்டக் குடுங்களன்" என்பாள் கஜனி, இரவில் தாயின் காலைக் கழுவித் துணி சுற்றும்போது.

"குடுப்பம்."

"எப்ப?"

"பெருநாள் முடியட்டும். இப்ப கடையில சரியான சனம்."

பெருநாள் முடிந்தால் தீபாவளி வரும். தீபாவளி முடிந்தால் கலியாண மாதம். சனமில்லாத மாதத்தில், யாவாரம் படுத்திருக்கும் நேரத்தில் போய் இதைச் சொல்வதா என்று பின்வாங்குவார். இப்படியாக, அந்தத் துண்டைக் கொடுப்பதற்கு ஏற்ற நாள் ஒன்றைப் பஞ்சாங்கக்காரர் எவரும் குறித்து வைத்திருக்கவில்லை.

அதே வருடம் உத்தியோகத்தர் இரண்டாவது முறை வந்தார். தெருமுனையில் மோட்டார் சைக்கிளைக் கண்டதுமே ஸலாஹுதீன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடிவிட்டான். மணிப்புரிச் சேலையின் தலைப்பு மட்டும் கதிரையில் கிடந்தது. உத்தியோகத்தர் அதைப் பார்த்தார். பொலித்தீன் உறையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"அம்மா, இதில நீங்க குந்துறீங்களா?"

ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தியிருந்தார். அவர் முகத்தில் மிரட்டல் எதுவும் இல்லை. மிரட்டியிருந்தால் சிவக்கொழுந்து ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பார். ஹாஜியார் பயந்து போயிருந்தார். அறுபது வயது மனிதர், அழாத புள்ள என்று சொன்ன மனிதர், இன்றைக்குத் தன்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சிவக்கொழுந்து நினைத்தார்.

"ஓம் ஐயா. அலுத்தா குந்துவன்."

"எழுதிக்கொள்ளட்டா?"

"எழுதுங்க ஐயா."

எழுதி வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சிவக்கொழுந்தின் கையெழுத்து வடிவானது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தன்னுடைய உத்தியோகம் சம்பந்தமாக ஏழு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட ஒரே கடதாசி அதுதான். அன்று மாலை ஹாஜியார் ஒரு நல்ல சேலையைக் கடதாசியில் சுற்றிச் சிவக்கொழுந்தின் கையில் வைத்தார். அடுத்த நாள் கொழும்பு ராத்தா பழைய இடத்துக்குத் திரும்பினார்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி, நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்க, மருதமுனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சிவக்கொழுந்து பதினேழாவது சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வந்திருந்த பெண்தான் முதலில் கண்டாள். "அல்லாஹ், ராத்தா, ஒங்கட கால்!" நரம்பு வெடித்து இரத்தம் செருப்பை நிறைத்து நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஸலாஹுதீன் பொம்மையைத் தள்ளி விழுத்திவிட்டுக் கதிரையை இழுத்து வந்து அவரைக் குந்த வைத்தான். சிவக்கொழுந்து அந்தக் கதிரையில் முதன்முதலாகக் குந்தியது அப்போதுதான். மயக்கம் வருவதற்கு முன்பு அவர் சொன்னது இது:

"தம்பி, துணியில பட்டிடப் போகுது. தள்ளி வை."

ஐந்து கிழமை வார்டில் கிடந்தார். கால் அவரை விட்டுப் போகவில்லை, ஆனால் நிற்கச் சம்மதிக்கவுமில்லை. பத்து நிமிடம் நின்றால் புண் திறந்துகொண்டது. ஹாஜியார் இரண்டு தரம் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்தார். இரண்டாம் தரம், "நீ வீட்டில இரி மகள், நல்லாச் சுகப்பட்டதும் வா" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பல்ல. கடையில் அப்போது இரண்டு நல்ல கால்களுடன் வேறொரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அதுவும் மகள் மாதிரிதான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கைவண்டியில் அந்தத் தேக்குக் கதிரை வந்து இறங்கியது. ஹாஜியாரின் அன்பளிப்பு. இடாப்பில் ஒருநாளும் இருந்திராத ஊழியருக்கு, ஊழியர் இல்லையென்றான பிறகு, ஊழியருக்கான ஆசனம் முறைப்படி வழங்கப்பட்டது. பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை.

சிவக்கொழுந்து அதை விறாந்தையில் விருந்தாளிகளுக்காக வைத்துவிட்டுப் பாயில் இருந்தார். கஜனிக்கு அப்போது பதின்மூன்று வயது. கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தாய்க்குத் தெரியாமல், நடந்ததையெல்லாம் தொழில் கந்தோருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அதே ஒல்லி உத்தியோகத்தர் வந்தார். கஜனி கதிரையைக் காட்ட, அதில் குந்தினார். குந்திய பிறகுதான் அதன் முதுகில் 'பெண் ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, சற்று நெளிந்தார். கோப்பைத் திறந்து, வடிவான கையெழுத்துள்ள தாளை எடுத்தார்.

"அம்மா, இதில நீங்க குந்துறதாச் சொல்லியிருக்கிறீங்க. இது இருக்குமட்டும் என்னால ஒண்டும் செய்யேலாது. அண்டைக்குப் பயத்தில சொன்னன், அது பொய் எண்டு இப்ப சொல்லுங்க. புதுசா எழுதுறன். நியமனக் கடிதம் தராதது, இடாப்பில பதியாதது எல்லாத்தையும் சேர்த்து வழக்கு வெக்கலாம். உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கும்."

"சொல்லுங்க அம்மா" என்றாள் கஜனி.

சிவக்கொழுந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கும்போது எப்படிக் குந்தியிருப்பது?

"பயத்தில சொல்லல்ல ஐயா."

"அப்ப?"

"எல்லாரும் கதவச் சாத்தின நேரம் அவர்தான் வா எண்டவர். அந்த மனிசனக் கோட்டுப் படியில ஏத்திப்போட்டு நான் என்னெண்டு இந்த றோட்டால போறது? எழுதாதீங்க ஐயா."

"அவர் செஞ்ச நன்மை வேற அம்மா. இது உங்கட உரிமை."

"ஓம் ஐயா. அது எனக்கு விளங்குது" என்றார் சிவக்கொழுந்து. உண்மையாகவே விளங்கித்தான் இருந்தது.

உத்தியோகத்தர் நெடுநேரம் பேனையைத் திறந்தபடி வைத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நீங்க குந்துங்க அம்மா" என்று எழுந்து கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார்.

கஜனி கதிரையைத் திருப்பி, எழுத்துகள் சுவர்ப் பக்கம் போகும்படி வைத்தாள். பொலித்தீன் உறையைக் கிழித்து எறிந்தாள். தாயின் கையைப் பிடித்து இழுத்து அதில் குந்த வைத்து, புண்பட்ட காலைத் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிவக்கொழுந்து பிரம்பில் மெல்லச் சாய்ந்து பார்த்தார். கையைக் கைப்பிடியில் வைத்தார்.

"நல்ல கதிரதான் பிள்ள" என்றார். "பாவம், அந்தப் பொம்மைய இப்ப எதில வெச்சிருக்கிறாங்களோ."