தலைக்கெண்ணெயும் மச்சானின் ரீலும்

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு மலைக்கு டிரவுட் மீன் பிடிக்கக் கிளம்பினேன். மீன் கிடைக்குமா என்பதைவிடத் தூண்டில் ரீல் பத்திரமாகத் திரும்புமா என்பதே கவலை. அது என் மனைவியின் அண்ணனுடையது. சிங்கப்பூரிலிருந்து வந்தது.

"மாப்ள, கையவுட்டு உட்றாதீங்க. மலைல கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள உள்ளாற இருக்கறத மாத்திப்போடுவாங்க" என்று சொல்லித்தான் மச்சான் கொடுத்தார். அதற்கு ஏதாவது ஆனால் மாமனார் ஊட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லாய், மாற்றுவதற்கு வேட்டிகள், ரப்பர் பூட்ஸ் எல்லாம் பையில் திணித்தேன். சீசா நிறையத் தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் தலைக்கும் தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும் அது ஒன்றுதான். புறப்படுமுன் ரீலுக்குள்ளும் தாராளமாக ஊற்றினேன். வெண்ணெய்போல் சுற்றியது.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் ஏறி மூணாறு சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி செல்லையா காத்திருந்தார். தேயிலைக் கொழுந்து கிள்ளும் வேலை இல்லாத நாட்களில் மீன் பிடிக்க வருகிறவர்களை அழைத்துப் போவது அவர் வழக்கம். தங்கல், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அவருடைய வீட்டின் முன்னறையில். இறங்கியதும், "பைய இப்படிக் குடுங்க அண்ணாச்சி" என்று கை நீட்டினார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ரீலைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் எழுந்து ரீலைச் சுற்றிப் பார்த்தேன், பிசகில்லை. மாட்டுப்பட்டிக்கு மேலே ஓடைக்குப் போகும் வழியில் ஏற்றம் மூச்சுவாங்க, தூண்டிலைச் செல்லையா தோளில் வைத்துக்கொண்டார். புல்லெல்லாம் உறைபனி. ஓடையில் வீசப்போனால் ரீல் அசையவில்லை.

"பல்லு எதுவும் தேஞ்சிருக்குமோ?" என்றார்.

ரீலுக்குள்ளே பல்சக்கரம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அன்று இரவும் அணைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை ரீல் ஒழுங்காகச் சுற்றியது. அவர் தோளில் ஏறி ஓடைக்குப் போனதும் மறுபடி அடைத்துக்கொண்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏனுங்க, எங்கையில இருந்தா ஓடுது, உங்க கைக்கு வந்தா நிக்குது. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிப்போடறேன்" என்றேன்.

செல்லையாவின் முகம் செத்துவிட்டது. "சொன்னீயன்னா இனி யாரையும் எங்கூட அனுப்ப மாட்டாவ அண்ணாச்சி" என்றார். நான் தூண்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாம் நாள் காலையும் நன்றாகச் சுற்றிய ரீலைப் பனிக்காற்று வீசும் ஜன்னல் மேடையில் என் கண்ணெதிரே வைத்துவிட்டு, புகார் சொல்லப் போகிறவன் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே என்று சவரம் முடித்துத் தலைவாரத் தொடங்கினேன். எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைவெளேரென்று கட்டியாக உறைந்திருந்தது. ஊரிலும் மார்கழி விடியலில் உறைவதுண்டு. தலையில் தேய்த்தால் உருகிவிடும். சட்டென்று ரீலைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. செல்லையா தொடவே இல்லை! இரவெல்லாம் என் உடம்புச் சூட்டில் உருகிய எண்ணெய்தான் பனியில் உறைந்து அடைத்திருக்கிறது.

அடுக்களைக்கு ஓடி ரீலை அடுப்புக்கு மேலே பிடித்தேன். புகை சூழ்ந்த நேரத்தில் செல்லையா உள்ளே வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது! எரிச்சுப்போட்டு அந்தப் பழியையும் எந்தலைல கட்டவா?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ரீலிலிருந்து எண்ணெய் தணலில் சொட்டியது. அடுக்களை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை. அவர் மோந்தார், என் தலையைப் பார்த்தார், பிடியை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் இருவருமாகத் துடைத்தோம். அன்று ஒரே ஒரு மீன் விழுந்தது. ஆனாலும் அதைத் தூக்கிப் பார்க்கையில் இருவருக்கும் வாயெல்லாம் பல்.

ஊர் திரும்பியதும் மச்சான் ரீலை மோந்து பார்த்தார்.

"பொகை நாத்தமடிக்குதுங்களே மாப்ள?"

நடந்ததைச் சொன்னேன். சாட்சிக்குப் பையிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினேன். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் எண்ணெய் தண்ணீராகத் தளும்பியது. மச்சான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மலையில் இரண்டு நாளும் நான் செல்லையாவைப் பார்த்த அதே பார்வை.

"இது நம்ம ரீலுதானுங்களா?" என்றார்.